போகஸை மாற்றாத கேமராமேன்

போகஸ் புல்லர், அதாவது ஷாட் ஓடும்போதே லென்ஸைத் திருகி யார் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மாற்றுகிற ஆள். அந்த வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தியேட்டரில் உட்கார்ந்தால் கண் படத்தைப் பார்க்கும், கை தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். யார் திரும்பப் போகிறார், அடுத்த வசனம் யாருடையது, போகஸ் எங்கே தாவ வேண்டும் என்று விரல்கள் முழங்காலைத் திருகிக்கொண்டே இருக்கும். சென்னையில் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே அடிலெய்டில் கேமரா வாடகைக் கடையில் லென்ஸ் துடைக்கிற ஆளான பிறகும் எனக்கு அது போகவில்லை.

வார்விக் தார்ன்டன் என்ற ஆஸ்திரேலியர் எடுத்த 'சாம்சன் அண்ட் டிலைலா' படத்தில் ஒரு ஷாட். என் விரல் தாவியது, படம் தாவவில்லை.

நகரத் தெரு. சாம்சன் நம்மைப் பார்த்து நடந்து வருகிறான், மூக்கருகே பெட்ரோல் ஊற்றிய டப்பா. அவனுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி டிலைலா. ஒரு கார் வந்து நிற்கிறது. அவளை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுகிறது. இத்தனையும் பின்னணியில், மங்கலாக. போகஸ் சாம்சன் முகத்தைவிட்டு நகரவில்லை. போதையில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. நடந்துகொண்டே இருக்கிறான்.

நான் வேலை பார்த்த எந்த செட்டாக இருந்தாலும் அந்த இடத்தில் மானிட்டர் பக்கமிருந்து ஒரு குரல் வந்திருக்கும்: "போகஸ் ஷிஃப்ட் பண்ணுப்பா!" நானும் பண்ணியிருப்பேன், யோசிக்காமல். அந்தப் பெண்ணின் முகம், அவள் கை கார்க் கதவைப் பிடித்துக்கொள்வது, வேண்டுமானால் ஒரு க்ளோசப். பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்பது நாங்கள் கற்ற பாடம். இந்த ஆள் நமக்கு அதைத் தர மறுக்கிறார். சாம்சனுக்கு எவ்வளவு தெரியுமோ அதைவிட ஒரு துளிதான் நமக்குக் கூடுதல். அந்தத் துளியே தாங்க முடியாததாக இருக்கிறது.

படத்தை எழுதியவர், இயக்கியவர், கேமராவைத் தோளில் வைத்திருந்தவர் எல்லாம் ஒருவரே. வார்விக் தார்ன்டன். 2009இல் கேன் விழாவில் முதல் படத்துக்கான 'கேமரா தோர்' விருது வாங்கிய பிறகு அவரை எல்லோரும் இயக்குநர் என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அவர் முதலில் கேமராமேன். அவருடைய படங்களில் என்ன காட்டப்படுகிறது என்பதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அவர் எதைக் காட்டாமல் விடுகிறார் என்பது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ரொம்ப நாளாக யோசித்து வைத்திருப்பதைத்தான் எழுதப் போகிறேன்.

தார்ன்டன் 1970இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்தவர். ஆஸ்திரேலிய வரைபடத்தின் நட்ட நடுவில் விரலை வைத்தால் அந்த ஊர் பக்கத்தில்தான் விரல் நிற்கும். ஊர் இருப்பது அரெர்ன்டே மக்களின் மண்ணில். தார்ன்டன் கைடிட்ஜ் என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர், அவர்களுடைய நிலம் ஊருக்கு வடக்கே. அம்மா பிரீடா கிளின். அவரே ஒரு போட்டோகிராபர். 1980இல் இன்னும் இரண்டு பேருடன் சேர்ந்து மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஊடகச் சங்கத்தைத் தொடங்கியவர். சுருக்கமாகக் 'காமா' என்பார்கள்.

காமா ஏன் வந்தது என்பது தெரிந்தால்தான் தார்ன்டன் புரிவார். எண்பதுகளில் ஆஸ்திரேலியா தன் முதல் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களை ஏவத் தயாராகிறது. அதுவரை டிவியே எட்டாத பாலைவனக் கிராமங்களில் ஒரே நாளில் ஆங்கில டிவி கொட்டப் போகிறது. வார்ல்பிரியும் பிட்ஜன்ஜட்ஜராவும் அரெர்ன்டேயும் பேசும் குழந்தைகள் அதை மட்டுமே பார்த்து வளரும். இதற்கு இவர்கள் கண்ட வழி, நாமே ரேடியோ நடத்துவோம், நாமே படம் எடுப்போம், முடிந்தால் டிவி உரிமத்தையும் நாமே வாங்குவோம் என்பது. வாங்கியும் காட்டினார்கள். 1988இல் இம்பார்ஜா டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது, பூர்வகுடிகளுக்குச் சொந்தமான ஒரு வணிக டிவி நிலையம். தார்ன்டன் பையனாக இருந்தபோது காமா ரேடியோவில் பாட்டுப் போடும் ஆளாகச் சேர்ந்து, பிறகு அங்கேயே கேமரா பிடிக்கப் பழகினார்.

அந்த இடத்தில் கேமரா பழகுவது என்றால் என்ன? நான் பழகியதை நினைத்துப் பார்க்கிறேன். முதலில் பேட்டரி சார்ஜ் போடுவது, அப்புறம் லென்ஸ் பெட்டி தூக்குவது, அப்புறம் கிளாப் அடிப்பது. "இதை எடுக்கலாமா?" என்று யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் லொகேஷன் பர்மிஷன் பற்றித்தான் இருக்கும்.

மத்திய ஆஸ்திரேலியாவில் அந்தக் கேள்விதான் முதலில் வரும். ஆண்கள் மட்டும் பார்க்க வேண்டிய சடங்கு உண்டு, பெண்கள் மட்டும் போக வேண்டிய இடம் உண்டு. ஒரு மலையின் கதையைச் சொல்ல ஒருவருக்கு உரிமை இருக்கும், பக்கத்தில் நிற்பவருக்கு இருக்காது. இறந்துபோனவரின் பெயரை உடனே உச்சரிக்க மாட்டார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டிவியில் நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு அறிவிப்பு வரும்: பூர்வகுடி, டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் கவனத்துக்கு, இதில் இறந்தவர்களின் உருவமும் குரலும் இருக்கலாம் என்று. சிகரெட் எச்சரிக்கை மாதிரி ஏதோ சட்டச் சம்பிரதாயம் என்று தாண்டிவிடுவேன். ஒரு உருவத்தைப் பதிவு செய்தால் அது யாரையாவது நோகடிக்கக்கூடும் என்பதை ஒரு நாட்டின் டிவி ஒப்புக்கொள்ளும் இடம் அது என்று பின்னால்தான் உறைத்தது.

எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது என்பது அப்படிப்பட்ட ஊரில் கேமரா பிடித்தவருக்கு எக்ஸ்போஷருக்கும், அதாவது எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுவது என்ற கணக்குக்கும், முன்னால் தெரிந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் அவருடைய படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த ஊகத்தை விட மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. எரிக் மைக்கேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எண்பதுகளில் யுவெண்டுமு என்ற ஊரில் வார்ல்பிரி மக்களோடு இருந்து, அவர்கள் தாங்களே எடுத்த வீடியோக்களைப் பற்றி எழுதினார். வெளியாள் கண்ணுக்கு அந்த வீடியோக்களில் கேமரா காலி நிலத்தில் மெதுவாகப் பான் ஆகிக்கொண்டே இருக்கும், காரணமில்லாமல் ஒரு மரத்தில் நிற்கும், திடீரென்று ஒரு குன்றுக்கு ஜூம் போகும். எடுத்தவருக்கு அது காலி நிலமே கிடையாது. மூதாதை எந்த வழியாக வந்தார், எங்கே மறைந்தார் என்ற தடத்தைத்தான் கேமரா பின்பற்றுகிறது. தார்ன்டனின் பரந்த ஷாட்களை நான் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். அவர் வைடில் ஆள் சின்னதாக இருப்பார், ஆனால் தொலைந்து போனவராக இருக்க மாட்டார். வெளிநாட்டுக் கேமராமேன்கள் அதே பாலைவனத்தை எடுக்கும்போது மனிதன் அநாதையாகத் தெரிவான். வித்தியாசம் லென்ஸில் இல்லை என்று மட்டும் தெரிகிறது.

நடுவில் உள்ள வருஷங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிட்னியில் உள்ள தேசியத் திரைப்படப் பள்ளியில் ஒளிப்பதிவு படித்து 1997இல் வெளியே வந்தார். அதற்கு முன்பே, 1996இல், பூர்வகுடி இயக்குநர்களுக்காக எடுக்கப்பட்ட குறும்பட வரிசையில் 'பேபேக்' என்று ஒன்றை எடுத்தார். 1998இல் ரேச்சல் பெர்கின்ஸ் இயக்கிய 'ரேடியன்ஸ்', மூன்று சகோதரிகள், கடலோரத்தில் ஒரு வீடு, ஒளிப்பதிவு இவர். பெர்கின்ஸும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் காமாவில் பழகியவர்தான். 2005இல் 'கிரீன்புஷ்' என்ற குறும்படம் பெர்லின் விழாவில் பரிசு வாங்கியது. கதை தெரிந்த கதை: ஒரு சிறு ஊர் ரேடியோ நிலையத்தில் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து, சிறைக்குள் இருப்பவர்களுக்காகப் பாட்டுப் போடும் மனிதர்.

அப்புறம் 'சாம்சன் அண்ட் டிலைலா'. முக்கியப் பாத்திரங்களில் வந்த ரோவன் மெக்நமாராவும் மரிஸ்ஸா கிப்சனும் அதற்கு முன் நடித்ததே இல்லை. பதின்ம வயதுப் பிள்ளைகள். படத்தில் சாம்சன் பேசுவது ஒரே ஒரு சொல், அதுவும் திக்கித் திக்கி அவன் பெயர். இந்த இரண்டு பேருக்கு முன்னால் நின்று கேமராவை இயக்கியவர் இயக்குநரே.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று செட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். புதுமுகத்தை எது பயமுறுத்தும்? கேமரா பயமுறுத்தாது. ஷாட் முடிந்ததும் எல்லோரும் தன்னை விட்டுவிட்டு தூரத்தில் மானிட்டர் முன்னால் கூடி ஏதோ கிசுகிசுப்பார்கள் பாருங்கள், அதுதான் பயமுறுத்தும். 'என்ன தப்புப் பண்ணினேன்' என்று அந்தப் பிள்ளை தனியாக நிற்கும். இயக்குநர் வியூ பைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு நாலு அடி தள்ளி நின்றால் அந்தக் கூட்டமே கிடையாது. கேமராவை இறக்கினால் எதிரில் அவர் முகம் இருக்கும், சரியா வந்ததா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். தார்ன்டன் கேமராவை இன்னொருவரிடம் கொடுக்காததற்குச் செலவுதான் காரணம் என்று ஒரு நண்பர் வாதாடினார். பட்ஜெட் சின்னதுதான். ஆனால் பெரிய நடிகர்கள் வந்த பிறகும் அவர் கேமராவைக் கையைவிட்டுக் கொடுக்கவில்லையே.

அந்தப் படத்தின் மௌனம் பற்றியும் ஒரு வார்த்தை. வசனமில்லாத படம், துணிச்சல், பரிசோதனை என்றெல்லாம் விமர்சகர்கள் சொன்னார்கள். வார்ல்பிரி மக்களிடம் முழுமையான ஒரு சைகை மொழி இருக்கிறது. துக்கம் காக்கும் விதவைகள் பல மாதம் பேசாமலே இருந்து, சைகையில் குடும்பம் நடத்துவார்கள். அங்கே பேசாமல் இருப்பது ஒன்றும் விசித்திரமில்லை. படத்தில் பாட்டி இறந்ததும் டிலைலா கத்தியை எடுத்துத் தன் தலைமுடியை அறுத்துக்கொள்கிறாள். ஒரு வசனம் கிடையாது, எதற்கு என்று யாரும் விளக்குவதும் கிடையாது. பின்னால் சாம்சன் தன் முடியை அறுக்கும்போது அவன் யார் செத்துப்போனதாக நினைக்கிறான் என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. இரண்டு ஷாட்டில் ஒரு மொழியையே கற்றுக்கொடுத்துவிட்டார்.

இனி நான் அதிகம் பேச ஆசைப்படுவது: தோல்.

கறுப்பாக இருக்கிற நடிகர் வந்தால் நம் செட்டில் முதலில் மேக்கப் பக்கம் ஆள் ஓடும், அடுத்து "ஒரு ஸ்டாப் ஏத்திக்கோ" என்பார்கள் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரண்டு மடங்கு), அதற்கும் அடுத்து வெளிச்சத்தைத் திருப்பியடிக்கிற தெர்மாகோல் முகத்துக்குக் கீழே வரும். நானும் கறுப்புத்தான், அதனால் இதைக் கொஞ்சம் கசப்போடுதான் பார்த்து வந்திருக்கிறேன். குற்றம் நம் ஆட்களுடையது மட்டுமில்லை. பிலிம் காலத்தில் லேபில் வண்ணத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய 'ஷர்லி கார்டு' என்ற அட்டையில் பல காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. எங்கள் முகம் சேறாகப் போனால் அது எங்கள் பிரச்சனை. 

பாலைவனத்தில் இது இன்னும் சிக்கல். உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல். கண்குழி இருட்டிப் போகும். தலையில் தொப்பி வேறு இருந்தால் மூக்குக்கு மேலே ஒன்றுமே தெரியாது. பின்னால் வானம் வெள்ளையாக எரியும். பாடப்புத்தகம் என்ன சொல்லும்? பத்து மணிக்கு மேல் எடுக்காதே, சூரியன் சாயும் 'மேஜிக் அவர்' நேரம் வரும்வரை காத்திரு. தார்ன்டன் படத்தில் நிழல் காலடியிலேயே விழுந்து கிடக்கும் ஷாட்கள் ஏராளம். வெயிலிலிருந்து அவர் ஓடுவதாகத் தெரியவில்லை. முகத்தில் வெளிச்சம் வருவதைக் கவனித்தேன்: கீழேயிருந்து வருகிறது. சிவந்த மண் அத்தனை வெயிலையும் வாங்கித் திருப்பி முகத்துக்கு அனுப்புகிறது. தரையே தெர்மாகோல், அதுவும் சிவப்புத் தெர்மாகோல். கறுத்த தோலில் அந்தச் செம்மை பட்டால் கன்ன எலும்பு, தாடை, வியர்வை எல்லாம் செதுக்கினாற்போல் எழும். அதே வெயிலில் பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரப் பாத்திரங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தோல் வெந்து, இடத்துக்குப் பொருந்தாதவர்களாக நிற்பார்கள். கதை சொல்ல வேண்டியதை எக்ஸ்போஷர் சொல்லிவிடுகிறது. எனக்கு இதைப் பார்த்தபோது சந்தோஷத்தைவிட முதலில் வந்தது ஒருவித ஆத்திரம். இத்தனை வருஷம் ஏற்றிக்கொண்டிருந்த அந்த ஒரு ஸ்டாப் யாருக்காக?

'தி சஃபயர்ஸ்' (2012) இதற்கு நேர் எதிர்முனை. வெய்ன் பிளேர் இயக்கம், தார்ன்டன் ஒளிப்பதிவு மட்டும். 1968இல் நான்கு பூர்வகுடிப் பெண்கள் அமெரிக்க வீரர்களுக்குப் பாடுவதற்காக வியட்நாம் போகிற கதை. ஜிகினா உடை, மேடை விளக்கு, ஜாலியான படம். இந்தப் படத்துக்கு அவர் ஆஸ்திரேலியத் திரை அகாதமி விருது வாங்கினார். எனக்குப் பெரிய ஆச்சரியம் தந்த படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலு பெண்களும் ஸ்பாட் லைட்டில் மின்னுவது அப்படி ஒரு மின்னல். பாலைவனத்து ஆளுக்கு ஸ்டுடியோ வேலை வராது என்று யாராவது நினைத்திருந்தால் அதோடு வாயை மூடியிருப்பார்கள்.

'ஸ்வீட் கன்ட்ரி'க்கு வருகிறேன். 2017. வெனிஸில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு. தார்ன்டனோடு ஒளிப்பதிவில் அவர் மகன் டிலன் ரிவரும் இருந்தார். கதை நடப்பது 1929இல், வடக்குப் பிரதேசத்தில். அதற்கு முந்தைய வருஷம்தான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே கானிஸ்டன் படுகொலைகள் நடந்தன. பிரெட் புரூக்ஸ் என்ற வெள்ளைக்காரர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, போலீஸ்காரர் ஜார்ஜ் மர்ரே தலைமையில் கிளம்பிய கூட்டம் வார்ல்பிரி, அன்மாட்ஜெரே, கைடிட்ஜ் மக்களைச் சுட்டுத் தள்ளியது. அரசுக் கணக்கே 31 பேர். மக்கள் சொல்லும் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. யாருக்கும் தண்டனை கிடையாது. கைடிட்ஜ் மனிதர் ஒருவர் 1929ஐப் படமெடுக்கிறார் என்றால் இது தெரியாமல் எடுத்திருக்க முடியாது. படத்தில் கானிஸ்டன் வரவில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பயம் ஒவ்வொரு பிரேமிலும் இருக்கிறது.

முதல் ஷாட்டே பாருங்கள். அடுப்பில் கொதிக்கும் தண்ணீர், அதன் க்ளோசப். அதில் தேயிலை விழுகிறது, பிறகு சர்க்கரை விழுகிறது. பிரேமுக்கு வெளியே யாரோ யாரையோ அடிக்கிறார்கள், ஏசுகிறார்கள். கேமரா கொதிப்பதை விட்டு நகரவில்லை. கறுப்புத் தேயிலை, வெள்ளைச் சர்க்கரை என்று குறியீடு விளக்க நிறையப் பேர் வந்தார்கள், விளக்கிக்கொள்ளட்டும். எனக்கு முக்கியம், அடியை அவர் காட்டவில்லை என்பது. சாம்சனுக்குப் பின்னால் டிலைலாவை மங்கலாக விட்ட அதே முடிவு.

அதைவிடப் பெரிய மறுப்பு ஒன்று படத்தின் முதல் பகுதியில் வருகிறது. ஹாரி மார்ச் என்ற வெள்ளைக்கார நிலக்காரன், சாம் என்ற பூர்வகுடித் தொழிலாளியின் மனைவி லிஸ்ஸியோடு வீட்டுக்குள் தனியாக இருக்கிறான். ஒவ்வொரு ஜன்னலாக மூடுகிறான். ஒரு பலகை மூடினால் ஒரு பங்கு வெளிச்சம் குறைகிறது. அடுத்த பலகை, இன்னும் குறைகிறது. கேமரா அசிஸ்டென்டாக நான் அதை எண்ணினேன்: ஒரு ஜன்னலுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப். கடைசியில் திரை முழுக் கறுப்பு. மீதியைக் காதால் மட்டும் கேட்கிறோம். சினிமாவில் பாலியல் வன்முறைக் காட்சிகளை எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதைப் பார்க்க வேண்டும். 'கொடுமையைப் புரியவைக்கக் காட்டத்தான் வேண்டும்' என்று வாதாடும் ஆண் இயக்குநர்களோடு நான் நிறைய டீ குடித்திருக்கிறேன். அப்படி எடுத்த காட்சிகளில் வெளிச்சம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும், அதையும் கவனித்திருக்கிறேன். இங்கே வெளிச்சத்தை அணைப்பவன் குற்றவாளி. இருட்டு அவன் செய்த வேலை. ஆனால் அந்த இருட்டால் லிஸ்ஸி நம் கண்ணிலிருந்து காப்பாற்றப்படுகிறாள். ஒரே செயலில் இரண்டும்.

படம் முழுக்கப் பின்னணி இசை என்று ஒன்று கிட்டத்தட்டக் கிடையாது. நடுநடுவே ஒரு நொடி, இரண்டு நொடி ஷாட்கள் சத்தமில்லாமல் வந்து போகும். சில நடந்தவை, சில இனி நடக்கப் போகிறவை. எது எது என்று சொல்லப்படாது. முதல் முறை பார்க்கும்போது எரிச்சலாக இருந்தது. இரண்டாம் முறை, பிற்பாடு வரப்போகும் சாவை முன்னாலேயே அந்த முகத்தில் வைத்துவிட்டார் என்று புரிந்ததும் நெஞ்சு அடைத்தது. தப்பியோடும் சாமைத் துரத்திப் போகும் போலீஸ்காரர் வெள்ளை உப்பு ஏரியில் தண்ணீரில்லாமல் தள்ளாடும் காட்சியும் உண்டு. அங்கே எக்ஸ்போஷர் வேண்டுமென்றே எரியவிடப்பட்டிருக்கிறது. அந்த நிலத்தை அறியாதவனுக்கு அது குருடாக்கும் வெளிச்சம்.

'தி பீச்' (2020) பற்றிச் சின்னதாக. மேற்கு ஆஸ்திரேலியாவின் டாம்பியர் தீபகற்பத்தில், கடற்கரைக் கொட்டகை ஒன்றில் தார்ன்டன் தனியாக இருந்து, சமைத்து, கோழிகளோடு பேசி, தன் மனக்காயங்களை ஆற்றிக்கொள்ள முயலும் ஆறு பாகத் தொடர். எடுத்தவர் மகன் டிலன் ரிவர். வாழ்நாள் முழுக்க எதைக் காட்டக் கூடாது என்று முடிவெடுத்தவர், தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்ற முடிவை மகன் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் வற்றல் மிளகாயையும் நண்டையும் புரட்டும் க்ளோசப்களைப் பார்த்து எனக்குப் பசித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக 'தி நியூ பாய்' (2023). பதின்ம வயதில் தார்ன்டனை மேற்கு ஆஸ்திரேலியாவின் நியூ நோர்சியாவுக்குப் படிக்க அனுப்பினார்கள். ஸ்பானியப் பெனடிக்ட் துறவிகள் 1840களில் நிறுவிய மடத்து ஊர் அது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த கதை. 1940கள், தனியான ஒரு மடம், அனாதைப் பையன்கள், கன்னியாஸ்திரீயாக கேட் பிளான்செட். பாலைவனத்திலிருந்து பிடித்துவரப்பட்ட ஒரு சிறுவன் வந்து சேர்கிறான். அவன் விரலில் ஒரு ஒளிப்பொறி தோன்றும்.

படம் எடுத்தது தெற்கு ஆஸ்திரேலியாவில், பர்ராவைச் சுற்றி. எங்கள் ஊரிலிருந்து காரில் வடக்கே இரண்டு மணி நேரம். சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். பழைய செம்புச் சுரங்க ஊர். 1865இல் கோய்டர் என்ற நில அளவையாளர், 'இந்தக் கோட்டுக்கு வடக்கே விதைக்காதே, மழை ஏமாற்றும்' என்று வரைந்த கோடு அந்தப் பக்கமாகத்தான் போகிறது. பேச்சைக் கேட்காமல் விதைத்தவர்கள் விட்டுப் போன கல் வீடுகள் கூரையில்லாமல் கோதுமை நிலத்தின் விளிம்பில் நிற்கின்றன. படத்தின் மஞ்சள் அங்கே இருந்தது, ஆனால் படத்தில் பார்த்த மென்மை இல்லை. காற்று காதைப் பிய்த்தது. இந்த ஊர் வெளிச்சம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வெளிச்சமில்லை. மண் வெளிறியது, முகத்துக்குச் செம்மை தராது. அதனால்தானோ என்னவோ இந்தப் படத்தில் அவர் ஜன்னலையும் மெழுகுவர்த்தியையும் அதிகம் நம்பியிருக்கிறார். சிறுவன் மற்றவர்களைப் போல் கட்டிலில் படுக்காமல் தரையில் படுப்பான், கேமராவும் அவனோடு தரைக்கு இறங்கிவிடும். மடத்தின் உயரமான அறைகளையெல்லாம் அந்த மட்டத்திலிருந்து பார்த்தால் வேறு கட்டடமாகத் தெரிகிறது.

ஒளிப்பதிவுக்கென்றே போலந்தில் நடக்கும் கேமரிமேஜ் விழாவில் இந்தப் படத்துக்குத் தங்கத் தவளை கிடைத்தது. ஒளிப்பதிவாளர்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு உலகத்தில் அதிகமில்லை. எனக்கு உடன்பாடு பாதிதான். அந்த ஒளிப்பொறி எனக்கு ஒட்டவில்லை. கம்ப்யூட்டரில் செய்த வெளிச்சம் என்று கண் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தாலேயே சாமியைக் காட்டத் தெரிந்தவர், விரல் நுனியில் ஒரு விளக்கை ஏன் ஏற்ற வேண்டும்? அடியைக் காட்டாதவர், வன்முறையைக் காட்டாதவர், அற்புதத்தை மட்டும் இவ்வளவு தெளிவாக, போகஸில், நடு பிரேமில் காட்டுகிறார்.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இதை ஒத்துக்கொள்வதே இல்லை. அந்தப் பையனுக்கு அது அற்புதமே இல்லை, மற்ற பையன்களுக்குக் கோலிக்குண்டு எப்படியோ அவனுக்கு அது அப்படி, அதனால்தான் இயக்குநர் ஒளித்து வைக்கவில்லை என்கிறார். ஒளித்துக் காட்டினால் அது மடத்துக்காரர்களின் பார்வையாகிவிடுமாம். நல்ல பாயிண்ட்தான், அவரிடம் சொல்லவில்லை. லென்ஸுக்கு முன்னால் மாட்டும் மேட் பாக்ஸைத் துடைக்கும்போதெல்லாம் இந்த வாதம் தொடர்கிறது. அவர் பக்கம் கேமரிமேஜ் நடுவர்கள் மொத்தப் பேரும் இருக்கிறார்கள். என் பக்கம் என் மனைவி மட்டும், அவளும் படத்தின் பாதியில் தூங்கிவிட்டாள்.